ஒரு நாளில் மூன்று இடமா? குடும்பத்தோடு வெளிக்கிடுபவர்கள் விடும் பிழைகள்

பாடசாலை விடுமுறை தொடங்கினால் கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் தொடர்மாடியில் ஏதாவது ஒரு குடும்பம் வந்து கேட்கும்: "இந்த ஞாயிறு பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு எங்கேயாவது போகலாம் என்று இருக்கிறோம், எங்கே போனால் நல்லது?" கேட்கும்போதே கையில் பட்டியல் தயாராக இருக்கும். அதைப் பார்த்ததுமே அந்த நாள் எப்படி முடியும் என்று தெரிந்துவிடும். வருடக்கணக்காக இப்படிக் கூட்டமாகப் போய் வருகிறேன். நாங்கள் தொடக்கத்தில் விட்ட அதே பிழைகளைத்தான் இப்போது வருபவர்களும் விடுகிறார்கள்.

தண்ணீர்ப் போத்தல், தொப்பி, மாற்றுடுப்பு எல்லாம் எல்லோருக்கும் தெரியும். அதையெல்லாம் எழுதப் போவதில்லை.

ஒரே நாளில் மூன்று இடம்

பட்டியல் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். காலையில் அவிசாவளைப் பக்கம் சீதாவக்கை தாவரவியல் பூங்கா, மத்தியானம் கித்துல்கலையில் களனி ஆற்றுக் குளியல், திரும்பும்போது கேகாலை வழியாகப் பின்னவலை யானைகள். தொலைபேசி வரைபடத்தில் மூன்றும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். "வாடகைக்கு வான் பிடிக்கிறது பிடிக்கிறோம், மூன்றையும் பார்த்துவிடுவோமே" என்பார்கள். வான் என்றாலும் ஒரு நாளுக்கு இத்தனை கிலோமீற்றர், இத்தனை மணித்தியாலம் என்று பேசித்தான் வரும். கூடினால் கிலோமீற்றருக்கும் தனிக் காசு, நேரத்துக்கும் தனிக் காசு. மிச்சம் பிடிக்கப் போட்ட திட்டம் அங்கேயே நட்டத்தில் முடியும்.

காசு போனால் போகட்டும். நேரம் எப்படிப் போகிறது என்று பாருங்கள். ஆறு மணிக்கு என்று சொன்ன வானில் எல்லோரும் ஏறி முடிய எட்டாகும். அம்மம்மாவின் மருந்து, சின்னவனின் பால்போத்தல், யாரோ மறந்த சார்ஜர். அப்புறம் நுகேகொடை, மஹரகம, கொட்டாவ நெரிசல். வழியில் ஒரு தேநீர். பூங்காவுக்குள் போகும்போது வெயில் உச்சிக்கு ஏறியிருக்கும். பிள்ளைகள் அரைவாசித் தூரம் நடந்ததும் சிணுங்கத் தொடங்குவார்கள், "கெதியாப் பாருங்கோ, இன்னும் ரெண்டு இடம் இருக்கு" என்று பெரியவர்கள் அதட்டுவார்கள். பார்க்கப் போன மரத்தை யாருமே பார்த்திருக்க மாட்டார்கள். கொழும்பில் இருந்து கிட்டத்தட்ட 90 கிலோமீற்றர் தள்ளி இருக்கிற கித்துல்கலைக்குப் போய்ச் சேரும்போது பின்னேரம் மூன்று மணி.

எனக்குக் கோபம் வருவது இந்த மூன்று மணியில்தான்.

மார்ச், ஏப்ரல் மாதங்களிலும் ஒக்டோபர், நவம்பரிலும் நாட்டின் மேற்குப் பக்கத்து வானம் பெரும்பாலும் ஒரே மாதிரித்தான் நடந்துகொள்ளும். காலை தெளிவாக இருக்கும். வெயில் ஏற ஏறக் கடற்காற்று ஈரத்தை உள்ளே தள்ளிக்கொண்டு போய் மலையடிவாரத்தில் சேர்க்கும். இரண்டு மணிக்குப் பிறகு முகில் கறுத்து இடியும் மின்னலுமாக ஊற்றும். களனி ஆற்றுக்கு வந்து சேரும் ஓடைகள் இறங்குவது கினிகத்தேனை, நோர்ட்டன் பிரிட்ஜ் பக்கத்து மலைகளில் இருந்து. நாட்டிலேயே கூடுதலாக மழை விழும் இடங்கள் அவை. பக்கத்தில் இருக்கும் வட்டவளையில் வருடத்துக்கு 5000 மில்லிமீற்றருக்கு மேல் பெய்கிறது. மேலே மழை கொட்டும்போது கீழே குளிக்கிற இடத்தில் வெயில் எறித்துக்கொண்டிருக்கலாம். போதாததுக்கு மேலே இருக்கும் நீர்மின் நிலையங்கள் தண்ணீர் விட்டால் ஆற்றின் மட்டம் மழை இல்லாமலே கூடும்.

ஒரு ஏப்ரல் மாதம் பக்கத்து வீட்டுக் குடும்பத்தோடு நானும் போயிருந்தேன். மூன்று இடப் பட்டியல்தான், ஆற்றுக் குளியல் இரண்டாவது. பிள்ளைகள் முழங்கால் தண்ணீரில் நின்று விளையாடினார்கள். கரையோரப் பாறை ஒன்றில் மாமி சவர்க்காரப் பெட்டியை வைத்திருந்தார். கொஞ்ச நேரத்தில் அந்தப் பெட்டி மெல்ல அசைந்து, பாறையில் இருந்து நழுவி, மிதந்து போனது. பாறையின் தலையே தெரியவில்லை. தெளிந்த தண்ணீர் பால்தேநீர் நிறத்துக்கு மாறியிருந்தது, காய்ந்த இலைகளும் சுள்ளிகளும் கூட்டமாக வரத் தொடங்கின. மறுகரையில் துணி தோய்த்துக்கொண்டிருந்த ஒருவர் தன் வாளியைத் தூக்கிக்கொண்டு மேலே ஏறியபடி எங்களைப் பார்த்துச் சிங்களத்தில் கத்தினார், தண்ணீர் வருகுது, கரைக்குப் போங்கள் என்று. மாமா மட்டும் வானத்தைக் காட்டி, "இஞ்ச மழையே இல்லையே, என்ன அவசரம்" என்றார். பிள்ளைகளை இழுத்துக்கொண்டு ஏறினோம். நின்ற இடத்தைக் கொஞ்ச நேரத்தில் திரும்பிப் பார்த்தபோது அங்கே ஒரு பெரிய ஆள்கூட நின்றிருக்க முடியாது.

அந்த மாமா அடுத்த விடுமுறைக்கும் மூன்று இடம் எழுதிக்கொண்டு வந்தார். கேட்டால், "இந்த முறை கொஞ்சம் வெள்ளென வெளிக்கிடுவோம்" என்றார். வெள்ளென வெளிக்கிட்டாலும் மூன்று இடம் மூன்று இடம்தான். பட்டியலின் கடைசியில் நிற்பது ஆறோ அருவியோ என்றால் பிள்ளைகள் தண்ணீருக்குள் இறங்குவது இடி இறங்கும் நேரத்தில்தான். இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன், யாரும் காதில் போடுவதில்லை.

ஆகவே ஒரு நாளுக்கு ஒரு இடம். தண்ணீர் இருக்கிற இடமென்றால் அதுதான் முதல், மத்தியானச் சாப்பாட்டுக்கு முன் குளித்து ஏறிவிட வேண்டும். தண்ணீர் கலங்கினாலோ, இலை குப்பை வரத் தொடங்கினாலோ, இரைச்சல் மாறினாலோ யாரிடமும் கேட்டுக்கொண்டு நிற்க வேண்டாம், ஏறுங்கள். அந்த ஊர் ஆள் ஏறினால் நீங்களும் ஏறுங்கள். இடி கேட்டால் தனி மரத்தின் கீழே ஒதுங்காமல் வானுக்குள் போய் இருங்கள்.

பக்கத்தில் இருப்பதைக் கணக்கில் எடுக்காதது

2018இல் ஈரநிலங்களைப் பாதுகாக்கும் ராம்சார் உடன்படிக்கையின் கீழ் உலகில் முதன்முதலாக ஈரநில நகரங்கள் என்று அறிவிக்கப்பட்ட 18 நகரங்களில் கொழும்பும் ஒன்று. இங்கேயே பிறந்து வளர்ந்த பிள்ளைகள் பலர் கோட்டேயில் இருக்கும் பெத்தகானை ஈரநிலப் பூங்காவின் பலகைப் பாதையில் ஒரு தடவைகூட நடந்ததில்லை. தலவத்துகொடைப் பக்கம் தியசரு பூங்கா இருக்கிறது, பத்தரமுல்லையைத் தாண்டினால் தலங்கமைக் குளம். பத்து வயதுக்குக் கீழே பிள்ளைகள் உள்ள குடும்பத்துக்கு நான் கித்துல்கலையைச் சொல்லவே மாட்டேன், இவற்றைத்தான் சொல்வேன்.

ஆனால் ஒன்பது மணிக்குப் போய்விட்டு, "ஒன்றுமே இல்லை, வெறும் புல்லுத்தான்" என்று திரும்பி வந்தால் அது இடத்தின் குற்றம் இல்லை. விடிந்தவுடன் போக வேண்டும். தலங்கமைக் குளக்கரையில் அந்த நேரத்தில் பேசாமல் நின்றால் போதும். நீலத் தாழைக்கோழி சிவந்த நீளக் காலை ஒவ்வொன்றாகத் தூக்கி வைத்து, நாணல் தண்டை ஒரு காலால் பிடித்துக்கொண்டு அடிக்குருத்தைக் கடித்துத் தின்னும். நீர்க்காகம் இரண்டு சிறகையும் விரித்துக் காயப்போட்டுக்கொண்டு பட்ட மரத்தில் இருக்கும். பெத்தகானையில் கபரகொய்யா என்ற பெரிய நீர் உடும்பு பாதையைக் கடந்தால் பிள்ளைகள் அதை வாரம் முழுக்கக் கதைப்பார்கள். தள்ளி நின்று விட்டுவிட்டால் அது தன் பாட்டில் போய்விடும். வெயில் ஏறும்போது வீடு திரும்பி இடியப்பம் சாப்பிடலாம். வான் தேவையில்லை, ஓட்டோ போதும்.

பாட்டுப்பெட்டி கொண்டுபோக வேண்டாம். ஒரு பறவைகூட நிற்காது.

அட்டைக்குப் பயந்து உப்புப் பொட்டலம்

இங்கிரியப் பக்கம் போதினாகலைக் காட்டுக்குப் போனால் அட்டை ஏறும், மழைக்காலத்தில் கட்டாயம் ஏறும். காற்சட்டையைக் காலுறைக்குள் செருகி, காலுறை மேல் சவர்க்காரத்தைத் தேய்த்துவிடுங்கள். கடித்துவிட்டால் நெருப்பு, உப்பு எல்லாம் வேண்டாம், மெல்லிய முனைப் பக்கமாக நகத்தை வைத்துத் தள்ளினால் விழுந்துவிடும். இரத்தம் உறையாமல் இருக்க அட்டை ஒன்றைச் செலுத்துகிறது, அதனால் கடிவாய் கொஞ்ச நேரம் கசியும். பிள்ளைக்கு இதை முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

சாப்பாடு

தேங்காய்ப்பால் கறியும் தேங்காய்ச் சம்பலும் வேண்டாம். வானின் சூட்டில் மத்தியானத்துக்குள் பழுதாகிவிடும். புளிச்சாதம் கட்டுங்கள்.

ரயிலை மறப்பது

வானுக்குக் கொடுக்கக் காசு இல்லை என்று பயணத்தையே தள்ளிப்போடுகிறார்கள். கம்பஹாவுக்கு கொழும்புக் கோட்டையில் இருந்து ரயில் ஏறி, அங்கே இறங்கி ஒரு சின்ன ஓட்டோப் பயணம் போனால் ஹெனரத்கொடை தாவரவியல் பூங்கா. பிரேசில் விதையில் இருந்து முளைத்து லண்டன் கியூ தோட்டம் வழியாக வந்த ரப்பர் கன்றுகளை 1876இல் நட்ட தோட்டம் அது. அம்மம்மாவும் ஆறுதலாக நடக்கலாம், நிழல் தாராளம்.

பூங்கா வேண்டாம், சும்மா ஊர் பார்க்க வேண்டும் என்றால் களனிப் பள்ளத்தாக்கு ரயில் பாதை இருக்கிறது. வெள்ளவத்தையில் இருப்பவர்களுக்குக் கிருலப்பனை நிலையம் கிட்ட. பாதுக்கையைத் தாண்டினால் வயலும் ரப்பர்த் தோட்டமும் யன்னலை உரசும். மெதுவாகத்தான் போகும், அதற்காகத்தான் அதில் போகச் சொல்கிறேன். திரும்பும் ரயிலின் நேரத்தைப் போகும்போதே நிலையத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

குளக்கரையில் கால் தொங்கப்போடுவது

தியவன்னா ஓயாவிலும் பொல்கொடை வாவியிலும் முதலை உண்டு. 2022 ஜனவரியில் தெஹிவளைக் கடலிலேயே ஒருவர் முதலை கடித்து இறந்தார். படமெடுக்கப் பிள்ளையைத் தண்ணீர் விளிம்பில் இருத்தாதீர்கள்.

மந்திக்குப் பாண்

மந்தி என்ற நீள வால் குரங்கு இலை தின்னும் விலங்கு. கொடுக்காதீர்கள்.

போயா

வெசாக், பொசன் என்ற பௌத்தப் பௌர்ணமி விழா நாட்களில் வீட்டில் இருங்கள், வீதி நகராது. மற்றப் போயா நாட்களில் போவதென்றால் விடியற்காலையிலேயே போய், கூட்டம் உள்ளே வரும்போது நீங்கள் வெளியே வந்துவிடுங்கள்.