எறும்பு வீட்டில் கிடைத்த வண்டு எந்தக் குடும்பம் என்று கண்டுபிடிப்பது எப்படி

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். 'எறும்போடு வாழும் ஸ்கேரப் வண்டு' என்று தனியாக ஒரு குடும்பம் கிடையாது. வியாசர்பாடியில் ஒரே சந்தில் குடியிருப்பதால் எல்லாரும் ஒரே குடும்பம் ஆகிவிடுவார்களா? அது விலாசம், அவ்வளவுதான். ஸ்கேரப் வண்டுகளின் குடும்பமான ஸ்கேரபேய்டேயில் சாணி வண்டு, பூ வண்டு என்று வெவ்வேறு கிளைகள் தனித்தனியாக எறும்பு வீட்டுக்குள் புகுந்திருக்கின்றன. கரையான் புற்றெடுக்க கருநாகம் குடிபுகுந்த கதைதான்.

தேடுவதற்கு ஐப்பசி மழை விட்ட மறுநாள் நல்லது. மாதவரம், மணலிப் பக்கம் காலி மனைகளில் கிடக்கும் செங்கல்லை மெதுவாகப் புரட்டிப் பாருங்கள், பார்த்துவிட்டு இருந்த மாதிரியே வைத்துவிடுங்கள். கடப்பாரை எல்லாம் வேண்டாம். மஞ்சள் பூசிய புற்று கண்ணில் பட்டால் அதை விட்டுவிடுங்கள், அது கரையானுடையது, கரையானோடு வாழும் ஸ்கேரப்கள் வேறு கூட்டம். (திருவொற்றியூர்க்காரர்கள் எப்படியும் புற்றில் கை வைக்க மாட்டார்கள், அங்கே சாமியே புற்றுதான்.) ஒரு வெள்ளைத் தட்டு, டீ வடிகட்டி, பழைய பெயின்ட் பிரஷ், அப்புறம் சௌகார்பேட்டை நகைத் தொழிலாளிகள் கண்ணில் வைத்துப் பார்க்கிற 10 மடங்கு லென்ஸ். இது போதும்.

வண்டு கிடைத்ததும் நேராக உணர்கொம்பைப் பாருங்கள். ஸ்கேரப் என்றால் நுனியில் மெல்லிய தகடுகள் இருக்கும், புத்தகத்தின் தாள் மாதிரி விரியும், மூடும். இங்கேதான் நான் ஏமாந்தேன். கட்டைச் சுவரோரம் ஒரு செங்கல்லுக்கு அடியில் பழுப்பு நிறத்தில் ஒன்று, கொம்பு நுனி தட்டையாக, அகலமாக இருந்தது. 'சந்தேகமே இல்லை, ஸ்கேரப்' என்று இரண்டு விரலால் எடுத்தேன், 'பட்' என்று ஏதோ வெடித்த மாதிரி இருந்தது, விரலில் பழுப்புக் கறை. சோப்புப் போட்டுத் தேய்த்தும் போகவில்லை. லென்ஸில் பார்த்தால் அந்த நுனி ஒரே கட்டியாக இருக்கிறது, தகடு தகடாகப் பிரியவே இல்லை. அது பாசஸ், தரைவண்டுக் குடும்பத்தைச் சேர்ந்த எறும்பு விருந்தாளி. ஹிஸ்டர் என்ற இன்னொரு குடும்பத்து வண்டும் இப்படி ஏமாற்றும், ஆனால் அதன் கொம்பு முழங்கை மாதிரி மடங்கியிருக்கும், இறக்கை உறை வால்பக்கம் எட்டாமல் குட்டையாக நிற்கும்.

சரி, ஸ்கேரப்தான் என்று உறுதியானால் அடுத்தது துணைக்குடும்பம். மேலிருந்து பார்க்கும்போது, தலைக்குப் பின்னால் இருக்கும் கழுத்துத் தகட்டின் பின்மூலைக்கும் இறக்கை உறையின் தோளுக்கும் நடுவில் ஒரு சின்ன முக்கோணத் துண்டு தெரிகிறதா? உறையின் ஓரம் தோளுக்குக் கீழே உள்வாங்கியிருக்கிறதா? அப்படியென்றால் அநேகமாக செட்டோனினே, பூ வண்டுகளின் கூட்டம். அமெரிக்காவில் இருக்கும் கிரெமாஸ்டோகைலஸ் இந்தக் கூட்டம்தான். செத்தது போல நடித்துக் கிடக்கும், எறும்பே இழுத்துக்கொண்டு போய் உள்ளே சேர்க்கும், உள்ளே போனதும் எறும்பின் புழுக்களையே தின்னும். வீட்டுக்காரனையே கூலி இல்லாத சுமைதூக்கி ஆக்குகிற வண்டு!

அந்த முக்கோணம் இல்லை, ஆள் பொடியாக, நீளவாக்கில் இருக்கிறதா? பின்னங்காலில் பாதத்துக்கு மேலே இருக்கும் கால்துண்டின் (டிபியா) நுனியைப் பாருங்கள். இரண்டு முள் இருந்தால் அபோடினே (பொடிச் சாணி வண்டுகள்) பக்கம், ஒன்றே ஒன்று என்றால் சாணி உருட்டிகளின் ஸ்கேரபினே பக்கம். தென் அமெரிக்காவிலிருந்து வந்த நெருப்பெறும்போடு வாழும் மார்டினேசியானா என்ற அபோடினே வண்டு, அந்த எறும்பின் உடல் வாசனையையே தன் மேல் ஏற்றிக்கொள்ளும். தனியாகப் பிரித்து வைத்தால் வாசனை குறைந்துவிடும்.

இன்னொரு வகைப்பாடும் உண்டு, அதை இதோடு கலக்காதீர்கள். 1894-இல் வாஸ்மன் என்ற ஜெசூட் பாதிரியார், எறும்பு வீட்டு விருந்தாளிகளை அவை நடத்தப்படும் விதத்தை வைத்துப் பிரித்தார். எறும்பு துரத்தியடிப்பவை, கண்டுகொள்ளாமல் விடுபவை, நக்கிச் சீராட்டுபவை, ஒட்டுண்ணிகள் என்று. இது நடத்தையைச் சொல்கிற பட்டியல், உறவுமுறையைச் சொல்வதில்லை.

எறும்போடு பார்த்ததெல்லாம் விருந்தாளி என்றும் நினைக்காதீர்கள். கட்டெறும்பு இழுத்துப் போகிற செத்த வண்டு அதற்குச் சாப்பாடு. உயிரோடு, உள்ளே, ஒன்றுக்கு மேற்பட்ட தடவை பார்த்தால்தான் கணக்கு. போட்டோ எடுத்தாலே பெரும்பாலும் போதும். கட்டாயம் எடுத்துத்தான் ஆக வேண்டும் என்றால் 70 சதவீத ஆல்கஹாலில் போட்டு, அதே குப்பியில் நாலு எறும்பையும் போட்டு, ஊர், தேதி, செங்கல்லுக்கு அடியிலா குப்பைக் குவியலிலா, எறும்பு அதை என்ன செய்துகொண்டிருந்தது என்பதைப் பென்சிலால் சீட்டில் எழுதி உள்ளேயே வைத்துவிடுங்கள். பேனா மை ஆல்கஹாலில் கரைந்துவிடும், என்னிடம் அப்படி வெறும் சீட்டோடு மூன்று குப்பி இருக்கிறது.