போல்ட் வரிசையைப் பிடித்து நடங்கள்

கேமராவைப் பிறகு எடுக்கலாம். முதலில் ரப்பர் அடி கொண்ட ஷூவை மாட்டுங்கள். மூணாறு மலையில் வெள்ளைக்காரன் காலத்துத் தேயிலைத் தொழிற்சாலை இது. ஓட்டம் நின்று பல வருடங்கள் ஆகின்றன. இங்கே ஃபிட்டராக இருந்த நான்தான் இப்போது படப்பிடிப்புக்கு வருபவர்களுக்குக் கூரைக்கு ஏறும் வழியைத் திறந்துவிடுகிறேன்.

தகரத்தில் போல்ட்டுகள் வரிசையாகப் போகும். அவற்றுக்கு நேர் கீழேதான் கூரையைத் தாங்கும் சட்டம் ஓடுகிறது. கால் அந்த வரிசையின் மேல் விழ வேண்டும். நடுவே மிதித்தால் தகரம் குழியும். அதைவிட ஆபத்து, வெளிச்சத்துக்காக இடையிடையே போட்ட ஃபைபர் ஷீட். பாசி படிந்து அதுவும் தகரம் போலவே தெரியும். கல்யாண ஆல்பம் எடுக்க வந்த இளைஞர் ஒருவர் அதில் கால் வைத்தார். தொடை வரை இறங்கிவிட்டது. அக்குளில் கைகொடுத்துத் தூக்கினேன். மறுநாளே ஒவ்வொரு ஷீட்டின் மூலையிலும் சிவப்பு பெயிண்ட் அடித்தேன். டிரைபாடுக்கு இரண்டு போல்ட் வரிசைகளின் குறுக்கே பலகை போட்டுத் தருவேன். அதைவிட்டு நகர்த்தாதீர்கள்.

ஜூன் முதல் செப்டம்பர் வரை யாரையும் ஏற்றுவதில்லை. டிசம்பர், ஜனவரியில் வானம் துல்லியமாக இருக்கும். ஆனால் உறைபனி விழுந்த காலையில் தகரம் எண்ணெய் தடவியதுபோல் வழுக்கும், காயும்வரை பொறுங்கள். வெயில் ஏறும்போது தகரம் விரிந்து டக் டக்கென்று சத்தம் போடும். அது அடங்கிய பிறகே வசனம் பதிவு செய்யுங்கள்.

மழை பிடித்தால் மேல்மாடிக்கு இறங்கிவிடலாம். கொழுந்து வாடக் காற்று வேண்டுமே, அதனால் சுற்றிலும் சன்னல். என் அப்பா சாக்குத் தட்டுகளில் கொழுந்து பரப்பிய இடம். மேகம் கவிந்த நாளில் அங்கே முகத்தில் விழும் வெளிச்சத்துக்கு எந்த விளக்கும் ஈடாகாது.

250 கிராமுக்கு மேற்பட்ட ட்ரோனைத் தொழிலுக்காகப் பறக்கவிடுபவர் பைலட் சான்றிதழோடு வர வேண்டும். இரவிகுளம் தேசியப் பூங்காப் பக்கம் வனத்துறை அனுமதி இல்லாமல் திருப்பவே கூடாது. சாமான் லாரி போடி வழியாக வந்தால் 17 கொண்டை ஊசி வளைவுகள். முந்தின நாளே ஏறிவிடட்டும்.

கூரையிலிருந்து பார்த்தால் லயங்களின், அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளின், முற்றம் முழுக்கத் தெரியும். பெண்கள் தலை உலர்த்துவார்கள், பிள்ளைகள் குளிப்பார்கள். அந்த லயத்தில்தான் நானும் பிறந்தேன். முந்தின மாலையே வாருங்கள். வீடு வீடாகப் போய்ச் சொல்லிவிட்டு வருவோம். வேண்டாம் என்று ஒரு வீடு சொன்னாலும் லென்ஸ் மலைப் பக்கமே இருக்கட்டும். விடியுமுன் ஏணிச் சாவியோடு வாசலில் நிற்பேன்.