கல்லூரியில் சேர்வது முதல் பட்டம் கைக்கு வரும் வரை

கோத்தகிரிப் பக்கம் தேயிலைத் தோட்டத்து லைன் வீடுகளிலிருந்து, குடும்பத்தில் முதல் ஆளாகக் கல்லூரிக்குப் போகிற பிள்ளைகள் நிறைய. மூன்று வருடம் கழித்து "டிகிரி முடிச்சிட்டேன்" என்பார்கள். கேட்டால் கையில் மார்க் ஷீட் மட்டும் இருக்கும். படிப்பை முடிப்பது வேறு, பட்டம் வாங்குவது வேறு. அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

படி 1: பட்டம் தருவது யார் என்று பாருங்கள்

கல்லூரி பாடம் நடத்தும். பட்டம் கொடுப்பது பல்கலைக்கழகம். ஊட்டி அரசு கலைக் கல்லூரியில் படித்தால் பட்டம் கோவை பாரதியார் பல்கலைக்கழகத்திலிருந்து வரும். கல்லூரி தொடங்கியது 1955-ல், பல்கலைக்கழகம் வந்ததோ 1982-ல். அதனால் முன்னால் அங்கே படித்த பெரியவர்களின் பட்டத்தில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் பெயர் இருக்கும். எங்கே சேர்வதாக இருந்தாலும், எந்தப் பல்கலைக்கழகத்தோடு இணைந்த கல்லூரி, அந்தப் பல்கலைக்கழகம் யு.ஜி.சி. (பல்கலைக்கழக மானியக் குழு) பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

படி 2: இளங்கலை

பி.ஏ., பி.எஸ்சி., பி.காம். எல்லாம் மூன்று வருடம், ஆறு செமஸ்டர். தமிழ், ஆங்கிலம், மேஜர் (முதன்மைப் பாடம்), அலைட் (துணைப் பாடம்) என்று பாடங்கள் பிரிந்திருக்கும். வருகை 75 சதவீதம் வேண்டும். ஆடி மழையில் மண் சரிந்து பஸ் நின்றுபோனால், அன்றைய விடுப்புக்கு மறக்காமல் துறையில் கடிதம் கொடுத்துவிடுங்கள்.

தேர்ச்சிக்கு 40 மதிப்பெண். பிள்ளைகள் மாட்டிக்கொள்வது பெரும்பாலும் மேஜரில் இல்லை. சுற்றுச்சூழல் கல்வி மாதிரி சின்னத் தாள்களை "அப்புறம் பார்த்துக்கலாம்" என்று விட்டுவிடுவார்கள். ஒரே ஒரு அரியர் (தேறாமல் பாக்கி நிற்கும் தாள்) இருந்தாலும் பட்டம் கிடையாது. எங்கள் லைனில் ஓர் அக்கா, ஒரு அலைட் தாள் பாக்கி இருக்கும்போதே வேலைக்குப் போய்விட்டார். மேஜரில் முதல் வகுப்பு. இன்றும் விண்ணப்பங்களில் பிளஸ் டூ என்றுதான் எழுதுகிறார். எனக்கு அது ஆறவே இல்லை. அரியர் எழுதவும் காலக்கெடு உண்டு, தள்ளிப்போடாதீர்கள்.

படி 3: சான்றிதழ்கள்

எல்லாத் தாளும் தேறியதும் மார்க் ஷீட்டும் ப்ரொவிஷனல் சான்றிதழும் வரும். ப்ரொவிஷனல் தற்காலிகமானதுதான். பட்டச் சான்றிதழுக்குப் பட்டமளிப்பு விழா அறிவிப்பு பார்த்து, தனியாகக் கட்டணம் கட்டி விண்ணப்பிக்க வேண்டும். மேட்டுப்பாளையம் இறங்கிக் கோவை போய் மேடையில் வாங்கலாம். போக முடியாதவர்கள் நேரில் வராமலே பெறுவதற்கும் விண்ணப்பிக்கலாம். முடிந்தால் அப்பா அம்மாவைக் கூட்டிக்கொண்டு நேரில் போங்கள்.

பெயரும் இனிஷியலும் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் உள்ளபடியே இருக்கிறதா என்று எழுத்தெழுத்தாகப் பாருங்கள். பட்டம் அச்சான பிறகு திருத்துவது பெரும் அலைச்சல்.

படி 4: அதற்கு மேல்

முதுகலை இரண்டு வருடம், நான்கு செமஸ்டர். இங்கே தேர்ச்சிக்கு 50 வேண்டும். முதுகலைக்கும் முனைவர் பட்டத்துக்கும் நடுவில் இருந்த எம்.ஃபில். படிப்பை 2022 விதிகளில் யு.ஜி.சி. நிறுத்திவிட்டது. அடுத்தது நேராக முனைவர் பட்டம்தான்: குறைந்தது மூன்று வருடம். முதலில் கோர்ஸ் ஒர்க் (ஆய்வுக்கு முன் படிக்கும் பாடங்கள்), பிறகு ஆய்வேடு, அதை வெளித் தேர்வாளர்கள் படித்துப் பார்ப்பார்கள், கடைசியில் வாய்மொழித் தேர்வு. பெண் பிள்ளைகளுக்குக் கொடைக்கானலில் 1984 முதல் அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகம் இருக்கிறது. அங்கேயும் ஆய்வு செய்யலாம்.

ஏற்கெனவே படித்து முடித்தவர்கள் இன்றைக்கே பெட்டியைத் திறந்து பாருங்கள். ப்ரொவிஷனல் மட்டும் இருந்தால், பதிவெண்ணோடு பல்கலைக்கழகத் தேர்வுப் பிரிவை அணுகுங்கள்.