காங்கிரீட் சுவர் மேல் சாய்வுக் கூரை பீமை உட்காரவைப்பது எப்படி?

நான் டிராயிங் வேலைக்கு வந்த முதல் வருஷம், கடலூர் முதுநகரில் ஒரு கிடங்குக் கூரைக்கு வரைந்து கொடுத்தேன். சுவரையும் பீமையும் வரைந்தேன், இரண்டும் சேரும் இடத்தை வரையவில்லை. சைட்டுக்குப் போனால் சுவரின் தலை மட்டமாக இருக்கிறது, பீம் சரிந்து வருகிறது, ஒரு விளிம்பில் மட்டும் பட்டுக்கொண்டு நிற்கிறது. ஆப்பு மாதிரி இருந்த அந்த இடைவெளியில் வெல்டர் அண்ணன் துண்டுத் தகடுகளைச் சொருகிப் பற்றவைத்துக்கொண்டிருந்தார். "டிராயிங்ல ஒண்ணும் இல்லையே தம்பி, நான் என்ன பண்றது?" என்றார். அன்றைக்குப் புரிந்ததைத்தான் எழுதுகிறேன்: சாய்வை எடுத்துக்கொள்வது சீட்டின் (சுவருக்கும் பீமுக்கும் நடுவில் வைக்கும் இரும்புத் தாங்கியின்) வேலை, அதைத் துண்டுத் தகட்டிடமோ சிமெண்ட் கலவையிடமோ விடக்கூடாது.

ஒரு கணக்கு வைத்துக்கொள்வோம். இரண்டு சுவர்களின் நடுக்கோட்டுக்கும் இடையே 6 மீட்டர், சாய்வு 10 டிகிரி, சுவர் 200 மி.மீ. கனம், ஐஎஸ்எம்பி 200 பீம் (200 மி.மீ. உயரமுள்ள ஐ வடிவ இரும்பு பீம்), 3 மீட்டருக்கு ஒன்று. இதெல்லாம் கற்றுக்கொள்வதற்கான அளவு, உங்கள் வேலைக்கு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் கணக்குப் போட்டே ஆக வேண்டும்.

முதலில் மட்டங்கள். சுவர் நடுக்கோடும் பீமின் அடிப்பக்கமும் வெட்டும் புள்ளியைக் குறித்துக்கொள்ளுங்கள், எல்லா அளவும் அங்கிருந்துதான். 6000-ஐ டேன் 10-ஆல் பெருக்கினால் 1058, அதாவது ஒரு சுவரின் புள்ளி மற்றதைவிட 1058 மி.மீ. உயரம். பீமின் சாய்ந்த நீளம் 6000 இல்லை, காஸ் 10-ஆல் வகுத்தால் 6093. இந்த 93 மி.மீ.யை மறந்துவிட்டு இரும்பு வெட்டியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

அடுத்தது காற்று. இதைத்தான் புதிதாக வருபவர்கள் விட்டுவிடுகிறார்கள். பீம் கனம், தானாக உட்கார்ந்திருக்கும் என்று நினைப்பு. கட்டடங்களின் மேல் வரும் பாரத்துக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 875-இன் மூன்றாம் பகுதி, பக்கத்துப் புதுச்சேரிக்குச் சொல்லும் அடிப்படைக் காற்று வேகம் நொடிக்கு 50 மீட்டர். காற்றின் அழுத்தம் 0.6 பெருக்கல் 50-இன் வர்க்கம், சதுர மீட்டருக்கு 1500 நியூட்டன், கிட்டத்தட்ட 150 கிலோ. கூரைத் தகடோ சதுர மீட்டருக்கு ஐந்து கிலோ சுமார். நம் பீமின் ஒரு முனைக்கு 9 சதுர மீட்டர் கூரை வருகிறது, குணகங்கள் எதையும் சேர்க்காமலே ஒரு டன்னுக்கு மேல் மேல்நோக்கி இழுக்கும். 2011 டிசம்பர் 30-ல் தானே புயல் நம் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் கரையைக் கடந்ததைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஆகவே சீட் தாங்கினால் போதாது, பிடித்துக்கொள்ளவும் வேண்டும்.

சரி, சீட்டை வரைவோம். கீழே மட்டமான அடித்தகடு: பீம் போகும் திசையில் 150, சுவர் நீளத்தில் 260, கனம் 12. சுவரின் இரு விளிம்பிலிருந்தும் 25 மி.மீ. உள்ளே தள்ளியே வையுங்கள், விளிம்பில் பாரம் விழுந்தால் காங்கிரீட் சில்லு பெயரும். அதன் நடுவில், பீமின் வெப்புக்கு (ஐ-யின் நடுவில் நிற்கும் தகட்டுக்கு) நேர் கீழே, 10 மி.மீ. தகடு ஒன்று செங்குத்தாக நிற்கும். ஒரு பக்கம் 60 உயரம், மறுபக்கம் 86. 150-க்கு 10 டிகிரியில் 26 ஏறுகிறது, அவ்வளவுதான். பக்கவாட்டில் சாயாமல் இருக்கக் குறுக்கே இன்னொரு தகடு. இவற்றின் மேல் சாய்ந்த மேல்தகடு, அகலம் 120, நீளம் 150 இல்லை, 152. குட்டைப் பக்கத்துக்கு 60 வைத்தது ஸ்பேனர் நுழையத்தான். 20 வைத்து வரைந்தால் காகிதத்தில் அழகாக இருக்கும், நட்டைத் திருப்ப முடியாது.

பீமின் கீழ் பிளேஞ்சை (ஐ-யின் அடியில் அகலமாக இருக்கும் பட்டையை) மேல்தகட்டோடு நான்கு போல்ட்டால் பிடியுங்கள். இங்கே 16 மி.மீ. போல்ட் போட ஆசை வரும். பிளேஞ்ச் அகலம் 100தான், 16 போட்டால் ஒன்று விளிம்புத் தூரம் குறையும், இல்லை நட் வெப்பின் வளைவில் முட்டும். 12 மி.மீ. போல்ட், குறுக்கே 55 இடைவெளி, நிம்மதி. ஐஎஸ்எம்பி பிளேஞ்சின் உள்பக்கம் சரிவாக இருப்பதால் அங்கே டேப்பர் வாஷர் (ஒரு பக்கம் கனம் குறைந்த சரிவு வாஷர்) கட்டாயம் என்று டிராயிங்கிலேயே எழுதிவிடுங்கள். அப்புறம், சீட்டுக்கு நேர் மேலே பீமின் வெப்புக்கு இரு பக்கமும் ஸ்டிஃப்னர் (வெப் நெளியாமல் தாங்கும் தகடு) தேவையா என்று இன்ஜினியரிடம் கேளுங்கள்.

இப்போது முக்கியமான இடம். வெயிலில் பீம் நீளும், 30 டிகிரி வித்தியாசத்துக்கு இரண்டு மி.மீ. சொச்சம். அதற்கு ஒரு முனையில் நீள்துளை வேண்டும். பலரும் அதைச் சாய்ந்த மேல்தகட்டில் போட்டுவிடுகிறார்கள். சாய்ந்த தளத்தில் நழுவவிட்டால் பாரம் சுவரைப் பக்கவாட்டில் தள்ளும். மூன்று டன் பாரம் என்றால் அரை டன் தள்ளல், அதுவும் சுவரின் தலையில். நீள்துளையை மட்டமான அடித்தகட்டில், ஆங்கர் போல்ட்டுக்கு (காங்கிரீட்டில் பதிந்து நிற்கும் போல்ட்டுக்கு) போடுங்கள். அப்போது சீட்டும் பீமும் சேர்ந்து மட்டமாக நகரும், சுவருக்குச் செங்குத்துப் பாரம் மட்டும்தான். 16 மி.மீ. ஆங்கர் இரண்டு, சுவரின் நடுக்கோட்டில் 190 இடைவெளியில், நீள்துளை 18-க்கு 40. மேலே 50-க்கு 70 தகட்டு வாஷர், நட்டைக் கையால் இறுக்கி மேலே இன்னொரு நட் போட்டுப் பூட்டுங்கள். நழுவ வேண்டிய பக்கம் அடித்தகட்டுக்குக் கீழே க்ரௌட்டில் (இடைவெளியை நிரப்பும் சிமெண்ட் கலவையில்) பதித்த தனித் தகடு ஒன்று இருக்கட்டும், நேராகக் காங்கிரீட்டில் உரசக்கூடாது. மறுமுனையில் சாதாரண வட்டத்துளை, முழு இறுக்கம். எந்தச் சுவரில் எது என்று டிராயிங்கில் பெரிதாக எழுதுங்கள், இரண்டு பக்கமும் நீள்துளை போட்ட பிட்டரைக் குறை சொல்ல முடியாது, எழுதாதது நாம்தான்.

ஆங்கரைக் காங்கிரீட் போடும்போதே பிளைவுட் டெம்ப்ளேட் வைத்து நிறுத்துங்கள், சுவரின் மேல்கம்பிகளுக்குக் கீழே வரை இறங்கட்டும். அளவை மேஸ்திரியிடம் வாயால் சொல்லாமல் டெம்ப்ளேட்டையே கையில் கொடுங்கள்.

நம் பக்கம் உப்புக்காற்று. தேவனாம்பட்டினத்தில் ஜன்னல் கம்பியே சில வருஷத்தில் செதில் செதிலாக உரியும். துளை, வெல்டிங் எல்லாம் முடிந்த பிறகே சீட்டைக் கால்வனைஸ் (துத்தநாகப் பூச்சு) செய்ய அனுப்புங்கள், தகடுகள் சேரும் இடத்தில் இடைவெளி விடாமல் சுற்றிலும் வெல்ட் ஓடட்டும். முக்கியமாக, செங்குத்துத் தகடுகளின் மூலையில் மழைத்தண்ணீர் தேங்குகிறதா என்று ஒரு வாளித் தண்ணீரை ஊற்றிப் பார்த்துவிட்டு ஏற்றுங்கள்.