பாக்கெட் சினிமா கேமராவில் மென்பொருள் அப்டேட் செய்வது எப்படி? தொடக்கநிலையினருக்கான செய்முறை

2019-இல் பிளாக்மேஜிக் பாக்கெட் சினிமா கேமரா 4கே-வுக்கு 6.2 என்ற அப்டேட் வந்தது. அதைப் போட்டவர்களுக்கு ‘பிளாக்மேஜிக் ரா’ என்ற புதிய பதிவு முறை கிடைத்தது. அதுவரை இருந்த சினிமா டிஎன்ஜி என்ற பதிவு முறை மெனுவிலிருந்தே போய்விட்டது. சென்சாரும் லென்ஸும் மாறவில்லை, ஆனால் கார்டில் பதிவாகும் ஃபைலே வேறாகிவிட்டது. எடிட்டருக்குப் போகும் பொருளும், கலரிஸ்ட் (படத்தின் வண்ணத்தைச் சரிசெய்பவர்) கையில் கிடைக்கும் வசதிகளும் அதோடு மாறின.

சினிமா கேமராவின் மென்பொருள் என்பது இவ்வளவு பெரிய விஷயம். படத்தை எந்த வடிவில், எந்த வண்ணக் கணக்கில், எவ்வளவு அழுத்திப் பதிவு செய்வது என்பதையெல்லாம் அதுதான் தீர்மானிக்கிறது. ஆகவே அப்டேட் பட்டனை அழுத்துவதை இந்த வேலையின் ஒரு சிறு பகுதியாகத்தான் நான் பார்க்கிறேன். அதற்கு முன்னால் செய்யும் ஏற்பாடும், முடிந்த பிறகு செய்யும் சோதனையும்தான் உங்கள் ஃபுட்டேஜைக் காப்பாற்றும். பாக்கெட் 4கே, 6கே கேமராக்களை வைத்து முழு முறையையும் சொல்கிறேன்.

அப்டேட் இப்போது தேவைதானா?

கேமராவின் மெனுவில் ‘செட்டப்’ பகுதிக்குப் போனால் இப்போது இருக்கும் மென்பொருளின் பதிப்பு எண் தெரியும். அதைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு கேமராவைத் தயாரிக்கும் பிளாக்மேஜிக் டிசைன் நிறுவனத் தளத்தின் சப்போர்ட் பக்கத்தில் புதிய பதிப்பு எது என்று பாருங்கள். அதன் கூடவே என்னென்ன மாறியிருக்கிறது என்ற குறிப்பும் இருக்கும். பலரும் தாண்டிப் போய்விடும் பகுதி இது. தயவுசெய்து முழுதாகப் படியுங்கள். அந்தக் குறிப்பில் பல மாடல்களைப் பற்றி எழுதியிருப்பார்கள். உங்கள் மாடலுக்கு என்ன வருகிறது என்பது மட்டும்தான் உங்களுக்குக் கணக்கு.

நீங்கள் சந்தித்த கோளாறு ஒன்றைச் சரிசெய்திருக்கிறார்களா? உங்களுக்கு வேண்டிய வசதி ஏதாவது வருகிறதா? அப்படியானால் அப்டேட் செய்யலாம். இரண்டும் இல்லை, கேமரா நன்றாக ஓடுகிறது என்றால் அவசரமே இல்லை.

ஒரு படமோ குறும்படமோ பாதி எடுத்த நிலையில் இருந்தால், அது முடியும்வரை தொடாதீர்கள். இதில் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை. ஷூட்டிங்குக்கு முந்தின இரவு அப்டேட் செய்வதும் வேண்டாம். சோதித்துப் பார்க்கவும், தேவைப்பட்டால் பழைய பதிப்புக்குத் திரும்பவும் நேரம் இருக்கும்படி இரண்டு மூன்று நாள் இடைவெளி கிடைக்கும்போது செய்யுங்கள். கேமரா வாடகைக்கு எடுத்தது என்றால் உரிமையாளரைக் கேட்காமல் செய்யக் கூடாது. உங்களுக்கு அடுத்து அதை எடுப்பவர் பழைய பதிப்பை நம்பித் திட்டம் போட்டிருக்கலாம்.

என்னென்ன வேண்டும்

விண்டோஸ் கணினி அல்லது மேக். கேமராவுடன் வந்த பவர் அடாப்டர். முழுதாக சார்ஜ் ஆன ஒரு பேட்டரி. பிறகு ஒரு யூஎஸ்பி-சி கேபிள்.

இந்தக் கேபிளில்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். போன் சார்ஜ் போடுவதற்கென்று விற்கும் சில கேபிள்களில் மின்சாரம் மட்டுமே போகும், டேட்டா போகாது. பார்வைக்கு எல்லாம் ஒன்றுபோல இருக்கும். ஒரு ஹார்ட் டிஸ்க்கை அந்தக் கேபிளில் இணைத்து ஒரு ஃபைலை நகலெடுத்துப் பாருங்கள். நகல் ஆனால் கேபிள் சரி. நடுவில் யூஎஸ்பி ஹப் எதுவும் வேண்டாம், கணினியில் நேராகச் செருகுங்கள்.

கேமராவில் இருப்பதைப் பத்திரப்படுத்துங்கள்

முதலில் கார்டில் இருக்கும் ஃபுட்டேஜை இரண்டு இடங்களில் நகலெடுத்து, திறந்து பார்த்து, அதன் பிறகு கார்டைக் கழற்றி வையுங்கள். அப்டேட்டுக்கும் கார்டில் இருப்பதற்கும் சம்பந்தம் இல்லைதான். ஆனாலும் விலைமதிப்பில்லாத ஃபுட்டேஜை கேமராவுக்குள் வைத்துக்கொண்டு இந்த வேலையில் இறங்க வேண்டியதில்லை.

அடுத்தது உங்கள் செட்டிங்ஸ். அப்டேட்டுக்குப் பிறகு சில செட்டிங்ஸ் தொடக்க நிலைக்குப் போய்விடலாம். ‘பிரிசெட்ஸ்’ பகுதியில் இப்போதைய அமைப்புகளை ஒரு பெயரில் சேமித்து, அதை ஒரு காலி கார்டுக்கு எக்ஸ்போர்ட் செய்யுங்கள். ‘லட்ஸ்’ பகுதியில் நீங்களாக ஏற்றிய லட் (காட்சியின் வண்ணத்தை மாற்றிக் காட்டும் ஃபைல்) இருந்தால் அதையும் அதே கார்டுக்கு அனுப்பி, எல்லாவற்றையும் கணினியில் நகலெடுத்துவிடுங்கள். கூடவே மெனுவின் ஒவ்வொரு பக்கத்தையும் போனில் படம் பிடித்துக்கொள்ளுங்கள். ஃபங்ஷன் பட்டன்களுக்கு என்ன வேலை கொடுத்திருந்தோம், ஆடியோ லெவல் எங்கே இருந்தது போன்றவை நினைவில் நிற்பதில்லை; அந்தப் படங்கள் கைகொடுக்கும்.

‘ஃபேக்டரி ரீசெட்’ என்ற தேர்வும் மெனுவில் இருக்கும். அது பிரிசெட், லட் எல்லாவற்றையும் அழித்துவிடும். அப்டேட்டுக்கு அது தேவையில்லை, கை வைக்காதீர்கள்.

கணினியில் மென்பொருளை நிறுவுதல்

சப்போர்ட் பக்கத்தில் கேமராக்கள் பிரிவைத் தேர்ந்தெடுத்தால் ‘பிளாக்மேஜிக் கேமரா’ என்ற பெயரில் பதிப்பு எண்ணோடு டவுன்லோடு இருக்கும். பாக்கெட்டுக்குத் தனி, அதே நிறுவனத்தின் இன்னொரு கேமரா வரிசையான உர்சாவுக்குத் தனி என்று தேட வேண்டாம். ஒரே தொகுப்பில் பல மாடல்களுக்கும் சேர்த்தே தருகிறார்கள். உங்கள் கணினிக்கு ஏற்ற பதிப்பைச் சொடுக்கினால் பெயர், மின்னஞ்சல் கேட்கும் படிவம் வரும். விவரம் தர விருப்பமில்லை என்றால் அந்தப் படிவத்திலேயே ‘டவுன்லோடு மட்டும்’ என்ற பொருளில் ஒரு இணைப்பு இருக்கும்.

இந்த மென்பொருளைத் தயாரித்த நிறுவனத்தின் தளத்திலிருந்து மட்டுமே எடுங்கள். யாரோ பகிர்ந்த டிரைவ் இணைப்பிலிருந்து எடுப்பது கணினிக்கும் கேமராவுக்கும் ஆபத்து.

விண்டோஸில் ஜிப் ஃபைலை விரித்து உள்ளே இருக்கும் இன்ஸ்டாலரை ஓட்டுங்கள். மேக்கில் வட்டுப் படிமத்தைத் திறந்து இன்ஸ்டாலரைச் சொடுக்குங்கள். முடிந்ததும் கணினியை ரீஸ்டார்ட் செய்யச் சொன்னால் செய்துவிடுங்கள். இப்போது ‘பிளாக்மேஜிக் கேமரா செட்டப்’ என்ற செயலி கணினியில் வந்திருக்கும். கேமராவில் இன்னும் எதுவும் மாறவில்லை.

கேமராவை அப்டேட் செய்தல்

கேமராவுக்குள் பேட்டரியைப் போடுங்கள், அடாப்டரையும் இணையுங்கள். இரண்டும் இருக்கட்டும். நடுவில் மின்சாரம் போனாலும் பேட்டரி தாங்கும், கேபிள் நழுவினாலும் கேமரா அணையாது. அப்டேட் பாதியில் இருக்கும்போது கேமரா அணைந்துபோவதுதான் இந்த வேலையில் நடக்கக்கூடிய மிக மோசமான விஷயம். லேப்டாப் என்றால் அதையும் சார்ஜரில் போட்டு, தானாகத் தூங்கிப்போகும் அமைப்பை நிறுத்தி வையுங்கள்.

யூஎஸ்பி-சி போர்ட்டில் எஸ்எஸ்டி இணைத்திருந்தால் கழற்றுங்கள், அதே போர்ட்தான் இப்போது தேவை. கேமராவை ஆன் செய்து, கணினியோடு இணைத்து, கேமரா செட்டப் செயலியைத் திறங்கள். சில நொடிகளில் உங்கள் கேமராவின் பெயர் தெரியும். கேமராவில் இருப்பது பழைய பதிப்பு என்றால் அப்டேட் செய்யச் சொல்லும் அறிவிப்பு தானாக வரும். அப்டேட் பட்டனைச் சொடுக்குங்கள்.

அதன் பிறகு கை வைக்காமல் இருப்பதுதான் உங்கள் வேலை. சில நிமிடங்கள் ஆகும். முன்னேற்றத்தைக் காட்டும் கோடு ஒரே இடத்தில் நின்றதுபோல் தோன்றலாம், கேமரா திரை கறுப்பாகலாம். கேபிளைப் பிடுங்காதீர்கள், பவர் பட்டனைத் தொடாதீர்கள். முடிந்துவிட்டது என்று செயலியே சொல்லும். சொன்ன பிறகு கேபிளைக் கழற்றி, கேமராவை அணைத்து ஆன் செய்து, செட்டப் பகுதியில் புதிய பதிப்பு எண் தெரிகிறதா என்று பாருங்கள்.

கேமராவின் பெயரே செயலியில் தெரியவில்லை என்றால் முதலில் கேபிளை மாற்றுங்கள், பிறகு போர்ட்டை மாற்றுங்கள், அப்புறம் கணினியை ரீஸ்டார்ட் செய்யுங்கள். பெரும்பாலும் இந்த மூன்றுக்குள் சரியாகிவிடும். பாதியில் நின்றுபோய் கேமரா திரை வரவில்லை என்றாலும் பதற வேண்டாம். மின்சாரம் இருப்பதை உறுதிசெய்துகொண்டு மறுபடி இணைத்து, செயலியைத் திறந்து பாருங்கள். செயலி கேமராவை அடையாளம் கண்டு அப்டேட்டை மறுபடி தொடங்கச் சொன்னால் அதையே செய்யுங்கள். அப்படியும் வழிக்கு வரவில்லை என்றால் நிறுவனத்தின் சேவைப் பிரிவுக்குத்தான் போக வேண்டும். கழற்றிப் பார்க்க நினைக்காதீர்கள்.

சோதனை: இதை மட்டும் குறைக்காதீர்கள்

பதிப்பு எண் மாறிவிட்டது என்பதோடு பலர் நிறுத்திவிடுகிறார்கள். கேமரா, கார்டு, எடிட்டிங் மென்பொருள் மூன்றும் ஒரே சங்கிலி. புதிய பதிப்பில் எடுத்த ஒரு கிளிப் எடிட்டிங் டைம்லைனில் சரியாக ஓடும்வரை அப்டேட் முடியவில்லை என்றே நான் வைத்துக்கொள்வேன்.

தேதி, நேரத்தைச் சரிபாருங்கள். பிரிசெட்டை இறக்கி, போனில் எடுத்த படங்களோடு ஒப்பிடுங்கள். பிறகு கார்டை கேமராவிலேயே ஃபார்மேட் செய்யுங்கள். விண்டோஸிலும் மேக்கிலும் படிக்க வேண்டும் என்றால் ‘எக்ஸ்ஃபேட்’ என்ற ஃபார்மேட் முறையைத் தேர்ந்தெடுங்கள்.

இப்போது லென்ஸ் மூடியைப் போட்டு, ஐஎஸ்ஓ 400-இல் ஒரு கிளிப், 3200-இல் ஒரு கிளிப் எடுங்கள். இந்தக் கேமராக்களின் இரண்டு நேட்டிவ் ஐஎஸ்ஓ (சென்சாரின் இயல்பான ஒளி உணர்திறன் நிலைகள்) அவைதான். கறுப்புத் திரையில் வெள்ளையாகவோ வண்ணத்திலோ ஒரே இடத்தில் நிற்கும் புள்ளி தெரிந்தால், மெனுவில் இருக்கும் ‘பிக்சல் ரீமேப்பிங்’கை, மூடி போட்டபடியே, ஓட்டுங்கள். இது அப்டேட்டால் வரும் கோளாறு இல்லை, சென்சாரில் நாளாவட்டத்தில் வருவது. ஆனால் பார்ப்பதற்கு நல்ல தருணம் இது.

அடுத்து நீளமான பதிவு. ‘கார்டில் ஃப்ரேம் விட்டுப்போனால் பதிவை நிறுத்து’ என்ற பொருளில் ரெக்கார்ட் பகுதியில் ஒரு தேர்வு இருக்கும், அதை ஆன் செய்துவிட்டு, நீங்கள் வழக்கமாக எடுக்கும் அமைப்பில் பத்து நிமிடம் விடாமல் பதிவு செய்யுங்கள். 6கே-வில் நொடிக்கு 30 ஃப்ரேமில், 12:1 அழுத்தத்தில் (அதாவது பன்னிரண்டில் ஒரு பங்காகச் சுருக்கினால்) நொடிக்குச் சுமார் 80 எம்பி கார்டுக்குப் போகிறது. 3:1 என்றால் அது சுமார் 320 எம்பி. யூஎச்எஸ்-2 எஸ்டி கார்டின் உச்ச வரம்பே நொடிக்கு 312 எம்பிதான். அதாவது அந்த அமைப்பில் எஸ்டி கார்டு நின்றுபோனால் குறை அப்டேட்டில் இல்லை, சிஃபாஸ்ட் 2.0 கார்டோ வேகமான எஸ்எஸ்டியோ வேண்டும். இந்தக் கணக்கு தெரியாமல் மென்பொருளைக் குறைசொல்லி நாளை வீணாக்குபவர்கள் நிறைய.

பதிவின் தொடக்கத்தில் ஒருமுறை, முடிவில் ஒருமுறை கேமரா முன்னால் கைதட்டுங்கள். ஒலி தனிக் கருவியில் பதிவானால் இரண்டிலும் ஓட விடுங்கள். முதல் தட்டு பொருந்தி, பத்து நிமிடம் கழித்துக் கடைசித் தட்டும் பொருந்தினால் ஒத்திசைவு சரி.

கடைசியாக அந்த கிளிப்களை எடிட் செய்யப்போகும் அதே கணினியில் திறங்கள். எடிட்டர் வேறொருவர் என்றால் அவருக்கு அனுப்பித் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். இங்கேதான் பெரிய வேறுபாடுகள் வெளிப்படும். பிளாக்மேஜிக் 2021-இல் இந்தப் பாக்கெட் கேமராக்களுக்கு ஐந்தாம் தலைமுறை வண்ண அறிவியலை (சென்சார் பதிவதை வண்ணமாக மாற்றும் கணக்கு) கொண்டுவந்தது. அதைக் கையாள டாவின்சி ரிசால்வ் என்ற எடிட்டிங் மென்பொருளின் 17 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பு தேவை. ஆகவே எடிட்டிங் மென்பொருளை முதலில் தயார்செய்துவிட்டு, கேமராவைப் பிறகு அப்டேட் செய்வதே சரியான வரிசை. நான்காம் தலைமுறைக்காகச் செய்த லட்டை ஐந்தாம் தலைமுறைக் காட்சியில் போட்டால் வண்ணம் பிசகும். முகங்களில் உடனே தெரியும். பழைய கிளிப்களை ரிசால்வின் கேமரா ரா பகுதியில் ஐந்தாம் தலைமுறைக்கு மாற்றிக்கொள்ள முடியும், லட் மட்டும் அதற்கேற்றதாக இருக்க வேண்டும்.

வேறு கேமரா என்றால்

எல்லா நிறுவனங்களும் கணினியோடு இணைக்கச் சொல்வதில்லை. ஆரி நிறுவனம் தன் அப்டேட்டை எஸ்யூபி என்ற தொகுப்பாகத் தருகிறது; அதன் அலெக்ஸா மினி கேமராவில் அதை யூஎஸ்பி ஸ்டிக்கில் ஏற்றி கேமரா மெனுவிலிருந்தே நிறுவுகிறார்கள். பல கேமராக்களில் ஃபைலை மெமரி கார்டில் வைப்பதுதான் வழி. அப்போது கையேட்டில் சொல்லியிருக்கும் ஃபோல்டர் பெயரை எழுத்துப் பிசகாமல் வையுங்கள், ஃபைலின் பெயரை மாற்றாதீர்கள். மற்ற எல்லாம் மேலே சொன்னதுதான்.

இரண்டு கேமராக்களை வைத்து ஒரே காட்சியை எடுப்பவர்கள் இரண்டிலும் ஒரே பதிப்பைப் போட்டு, ஒரே வண்ண அட்டையை இரண்டிலும் எடுத்து ஒப்பிடுங்கள். பழைய பதிப்பின் இன்ஸ்டாலரைக் கணினியில் வைத்திருங்கள். திரும்பிப் போக நேர்ந்தால், உங்கள் மாடல் அந்தப் பழைய பதிப்பை ஏற்குமா என்று குறிப்பைப் படித்துவிட்டுச் செய்யுங்கள். புதிய பதிப்பு எண்ணை, அப்டேட் செய்த தேதியோடு, கேமரா ரிப்போர்ட்டின் முதல் வரியில் எழுதி எடிட்டருக்கும் டிஐடிக்கும் (ஷூட்டிங்கில் ஃபுட்டேஜைக் கவனிக்கும் டிஜிட்டல் தொழில்நுட்பர்) அனுப்பிவிடுங்கள்.