கணுக்கால் பிசகினால்: வீக்கம் வடிந்த பிறகுதான் முக்கிய வேலை

என்னிடம் பிசியோதெரபிக்கு வரும் வாலிபால் பிள்ளைகள் அநேகமாக ஒரே கதையைத்தான் சொல்வார்கள். வலையோரம் பிளாக் பண்ண எம்பியிருப்பார்கள். இறங்கும்போது அடுத்தவர் பாதத்தை மிதித்து, கால் உள்பக்கமாக மடங்கியிருக்கும்.

அப்போது பெரும்பாலும் அடிபடுவது எது என்று உங்கள் காலிலேயே தொட்டுப் பாருங்கள். வெளிக்கணு எலும்பிலிருந்து முன்பக்கமாக ஒரு விரல் நகர்த்தினால் மெத்தென்று ஒரு பள்ளம் இருக்கும். எலும்போடு எலும்பைக் கட்டி, மூட்டு அளவுக்கு மீறித் திரும்பாமல் காக்கும் லிகமெண்ட் அங்கேதான் ஓடுகிறது. இப்போது விரலைக் கணுவுக்குப் பின்னால் வைத்து, பாதத்தை வெளிப்பக்கம் திருப்புங்கள். கயிறு மாதிரி விறைப்பது தசைநாண். தசையின் இழுப்பை எலும்புக்குக் கொண்டுபோவது அது.

பிசகியதும், எலும்பு முறிந்திருக்குமோ என்று முதலில் பாருங்கள். 4 அடி எடுத்து வைக்க முடியவில்லையா? இரண்டு கணு எலும்புகளின் பின்விளிம்பையோ நுனியையோ அழுத்தினால் வலிக்கிறதா? பாதத்தின் வெளியோர நடுவில் துருத்தும் எலும்பிலோ, உள்வளைவின் மேலுள்ள எலும்பிலோ வலியா? ஒன்று இருந்தாலும் எக்ஸ்ரே எடுத்துவிடுங்கள். இது கனடாவின் ஒட்டாவா மருத்துவர்கள் 1992-ல் வெளியிட்ட விதி.

முறிவு இல்லையென்றால் கிரேப் பேண்டேஜ் சுற்றி, காலைத் தலையணை மேல் உயர்த்தி வையுங்கள். துணியில் சுற்றிய ஐஸ் 15 நிமிடம் போதும். தயவுசெய்து எண்ணெய் போட்டு உருவி, இழுத்து, சுளுக்கு எடுக்க விடாதீர்கள். புதிதாகக் கிழிந்த லிகமெண்ட் நார் அதில் இன்னும் கிழியும். வலி கொஞ்சம் அடங்கியதும் கட்டைவிரலால் காற்றில் அ முதல் ஃ வரை எழுதுங்கள். மூட்டு எல்லாத் திசையிலும் அசையும்.

வீக்கம் வடிந்ததும் பலர் அத்தோடு விட்டுவிடுகிறார்கள், எனக்கு ரொம்ப வருத்தம் தருவது இதுதான். லிகமெண்ட்டில் நரம்பு முனைகள் உண்டு. பாதம் எந்தக் கோணத்தில் இருக்கிறது என்று மூளைக்குச் சொல்வதில் அவற்றுக்கும் பங்கு இருக்கிறது. அடிபட்ட பிறகு அந்த உணர்வு மங்கிவிடுவதால், கால் மறுபடி மடங்கும்போது வெளிப்பக்கத் தசை சுதாரித்து இழுக்கத் தாமதமாகலாம். அதே கால் திரும்பத் திரும்பப் பிசகுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

அதற்குப் பயிற்சி உண்டு. சுவரோரமாக, அடிபட்ட காலில் மட்டும் 30 விநாடி நில்லுங்கள். ஆடாமல் நிற்க வந்ததும் கண்ணை மூடிக்கொண்டு நில்லுங்கள். அப்புறம் மடித்த போர்வை மேல். கடைசியாக, ஒற்றைக்காலில் நின்றபடியே யாராவது எறியும் பந்தைப் பிடியுங்கள். கூடவே, பழைய சைக்கிள் ட்யூபைக் கட்டில் காலில் கட்டி, பாதத்தில் மாட்டி, வெளிப்பக்கமாக மெதுவாக இழுத்து மெதுவாக விடுங்கள். வெளிக்கணுவுக்குப் பின்னால் தொட்டுப் பார்த்த தசைநாண்கள் இதில் வலுப்படும்.

லிகமெண்ட்டுக்கு ரத்த ஓட்டம் குறைவு. வலி போன பிறகும் நார்கள் உறுதிப்படப் பல மாதங்கள் ஆகும். அதனால் அடிபட்ட காலில் நொண்டியடித்துப் பக்கவாட்டில் குதித்துப் பாருங்கள். நல்ல காலைப் போலவே தடுமாறாமல், வலிக்காமல் குதிக்க முடிந்தால் ஆடப் போகலாம், முதல் சில மாதங்கள் கணுக்காலைத் தாங்கிப் பிடிக்கும் உறையான ஆங்கிள் பிரேஸ் போட்டுக்கொண்டு. 6 வாரம் கழிந்தும் கால் நழுவுகிற மாதிரி இருந்தால் எலும்பு மருத்துவரைப் பாருங்கள்.