86பாக்ஸில் விண்டோஸ் 98: டிரைவ் எழுத்தில் மாட்டாமல் நிறுவுவது எப்படி

விண்டோஸ் 98 ஓட்ட பழைய கணினிப் பெட்டியே வேண்டும் என்று மூர் மார்க்கெட் பக்கம் அலைபவர்களைத் தடுக்கவில்லை. ஆனால் நான் இருப்பது காசிமேடு. இந்தக் கடல்காற்றுக்கு ஜன்னல் கம்பியே இற்றுப்போகிறது, 25 வருஷ மதர்போர்டு எந்த மூலைக்கு? அதனால் என் ஓட்டு, பழைய கணினியை இன்றைய கணினிக்குள் மென்பொருளாகவே ஓடவைக்கும் 86பாக்ஸுக்கு. கணினிக்குள் கணினி ஓட்டும் இன்னொரு மென்பொருளான விர்ச்சுவல்பாக்ஸ் வேண்டாம், 98-க்கான டிரைவர் தொகுப்பே அதில் கிடையாது. 86பாக்ஸ் அந்தக் காலத்து போர்டு, சவுண்ட் கார்டு வரைக்கும் அப்படியே நடிக்கும்.

86பாக்ஸை இறக்கி, பழைய போர்டுகளின் பயாஸ் கோப்புகள் இருக்கும் ரோம்ஸ் கோப்புறையை அதன் பக்கத்திலேயே வையுங்கள். பென்டியம் போர்டு, 64 எம்பி ரேம், எஸ்3 டிரையோ64 கிராஃபிக்ஸ் கார்டு, சவுண்ட் பிளாஸ்டர் 16 சவுண்ட் கார்டு தேர்ந்தெடுங்கள். 2 ஜிபி ஹார்ட் டிஸ்க் போதும். 98 எஸ்இ (இரண்டாம் பதிப்பு) சிடியின் ஐஎஸ்ஓவை, அதாவது சிடியின் நகல் கோப்பை, மாட்டி, சிடி ஆதரவோடு பூட் செய்யுங்கள். சிடி உறையில் இருக்கும் 25 எழுத்துச் சாவி கையில் இருக்கட்டும்.

அடுத்து, டிஸ்கைப் பிரித்து பார்ட்டிஷன் போடும் எஃப்டிஸ்க் கட்டளை. பெரிய டிஸ்க் ஆதரவு வேண்டுமா என்று கேட்டால் ஒய், அப்போதுதான் பெரிய டிஸ்குக்கான ஃபேட்32 கோப்பு முறை கிடைக்கும். பார்ட்டிஷன் போட்டதும் கட்டாயம் ரீஸ்டார்ட், பிறகு ஃபார்மட் சி.

இனிமேல்தான் பலர் மாட்டுகிற இடம். பூட் ஆகும்போது டாஸ் கருவிகளை வைத்துக்கொள்ள ரேமிலேயே ஒரு சின்ன தற்காலிக டிரைவ் (ரேம் டிரைவ்) தானாக உருவாகும். ஹார்ட் டிஸ்க் காலியாக இருந்தவரை சி என்ற எழுத்து ரேம் டிரைவுடையது, சிடி டி-யில் இருந்தது. பார்ட்டிஷன் வந்ததும் சி ஹார்ட் டிஸ்குக்குப் போய்விடும், ரேம் டிரைவ் டி-க்கு நகரும், சிடி இ ஆகிவிடும். இது தெரியாமல் டி-யில் போய் செட்டப் என்று அடித்தால் 'பேட் கமாண்ட்' என்றுதான் வரும், உடனே ஐஎஸ்ஓ கெட்டுவிட்டது என்று நினைத்து வேறொன்றைத் தேடிப் போகிறார்கள். ஒவ்வொரு டிரைவிலும் கோப்புகளைப் பட்டியலிடும் டிர் கட்டளையை அடித்துப் பாருங்கள், வின்98 கோப்புறை எதில் தெரிகிறதோ அதுதான் சிடி.

செட்டப்பை சிடியிலிருந்தே ஓட்டாதீர்கள். வின்98 கோப்புறையை முழுசாக சி-க்கு நகலெடுத்து அங்கிருந்து ஓட்டுங்கள். பின்னால் ஒரு கார்டு மாற்றினாலும் சிடியைக் கொடு என்று நச்சரிக்காது. மற்றது நெக்ஸ்ட், நெக்ஸ்ட்தான். மவுஸ் 86பாக்ஸ் சாளரத்துக்குள்ளேயே சிக்கினால் வெளியே எடுக்கும் விசை சாளரத்தின் தலைப்பிலேயே இருக்கும்.

பின்சேர்க்கை: நிஜப் பெட்டியில் 1 ஜிபி ரேமோடு போட்ட ஒருவர், பாதியில் 'மெமரி போதவில்லை' என்று வருகிறதே என்று கேட்டிருந்தார். ரேம் அதிகமானதுதான் சிக்கல்! 512 எம்பிக்கு மேல் போனால், டிஸ்க் தரவை ரேமில் சேர்த்துவைக்கும் விகேச் தடுமாறும். ஒரு ரேமைக் கழற்றிவிட்டு நிறுவுங்கள், அப்புறம் சிஸ்டம்.இனி கோப்பின் விகேச் பகுதியில் மேக்ஸ்ஃபைல்கேச் அளவை 512 எம்பிக்குக் கீழே குறைத்துவிட்டு திரும்ப மாட்டலாம்.

இன்னொருவர் கேட்டது தமிழ் பற்றி. 98-இல் யூனிகோடு தமிழ் கட்டம் கட்டமாகத்தான் தெரியும். லதா என்ற யூனிகோடு தமிழ் எழுத்துரு வந்ததே விண்டோஸ் 2000-இல்தான். யூனிகோடு அல்லாத பழைய தமிழ் குறியீட்டு முறைகளான டிஸ்கி அல்லது டாப் எழுத்துரு ஒன்றை ஐஎஸ்ஓவாக்கி சிடி டிரைவில் மாட்டி, கண்ட்ரோல் பேனலில் ஃபான்ட்ஸ் வழியாகச் சேருங்கள். வேர்ட்பேடில் அந்த எழுத்துருவையே தேர்ந்தெடுத்தால்தான் தமிழ் வரும்.